ஏழரை வயது, 119 சென்ரிமீற்றர். கப்பல் சறுக்கில் விடுவார்களா?

உவர்மலை அம்மா:

கப்பலில் போய் வந்தவர்கள், கப்பலில் வேலை செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒருக்கா பதில் எழுதுங்கள்.

அம்மாவுக்கு வருகிற சித்திரையில் 70 வயது. ரொறன்ரோவிலிருந்து அண்ணா குடும்பம், திருகோணமலையிலிருந்து நாங்கள், எல்லோரும் சிங்கப்பூரில் சந்தித்து அங்கிருந்து நான்கு இரவு கப்பலில் போவதென்று முடிவாகிவிட்டது. செலவு அண்ணாவுடையது. கவலை என் பங்கு.

மகனுக்கு ஏழரை வயது. 2023 ஆனியில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்தபோது உவர்மலையில் நின்று அவனுக்குக் காட்டினோம். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது மாமா அனுப்பிய வீடியோவில், கப்பலின் உச்சித் தட்டிலிருந்து சுருண்டு சுருண்டு இறங்கும் தண்ணீர்ச் சறுக்குகளைப் பார்த்துவிட்டு, வீட்டுச் சீமெந்துப் படியில் தலையணையைப் போட்டுச் சறுக்கிப் பழகுகிறான். இரண்டு தலையணை கிழிந்தாயிற்று.

அண்ணா அனுப்பிய விவரத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தது நான்தான். பெரிய சறுக்கு இரண்டுக்கும் குறைந்தது 122 சென்ரிமீற்றர் உயரம் வேண்டுமாம். ரப்பர் வளையத்தில் இருந்து போகிற சறுக்குக்கு 107. வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மகனைத் தையல் ரேப்பால் அளந்தேன், 121. இவர் இரும்பு ரேப்பை எடுத்துவந்து அளந்தார், 119. மாமி சாணால் அளந்துவிட்டு, "பிள்ளை நல்ல உயரம்தானே" என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணாவின் மகன் இவனைவிட இரண்டு மாதம் இளையவன், அவன் 128. பிரச்சினை விளங்குகிறதுதானே? சறுக்குக்கு விடாவிட்டால் அழுவான், அதைச் சமாளிக்கலாம். "கனடாச் சாப்பாடு அப்படி" என்று நான்கு பேர் முன்னால் யாராவது சொல்வார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஏழு வயது முடிந்துவிட்டது என்று பாஸ்போட்டைக் காட்டினால் விடுவார்களா? நான் மடியில் வைத்துக்கொண்டு போகலாமா? உப்புவெளிக் கடலில் நன்றாக நீந்துவான், அதைச் சொன்னால் எடுபடுமா? சின்னவளுக்கு மூன்றரை வயது, 98 சென்ரிமீற்றர், இரவில் மட்டும் நப்பி கட்டுகிறேன். அவளை எதில் விடுவார்கள்?

லண்டன் மச்சான்:

இதுக்கெல்லாமா யோசிக்கிறீர்கள்? அடி தடித்த சப்பாத்து ஒன்று வாங்கிப் போடுங்கள், தலைமுடியை வெட்டாமல் விடுங்கள், 3 சென்ரிமீற்றர் தானாக வரும். அங்கே நிற்பவர்களும் மனிதர்கள்தானே, சிரித்துக் கதைத்தால் விடுவார்கள்.

நிலாவெளிப் படகு:

தங்கச்சி, மேலே எழுதினவர் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். ஆறு வருஷம் கப்பலின் மேல்தட்டில் அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். இப்போது நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு விடுகிறேன்.

தடித்த சப்பாத்து, செருப்புக்குள் மடித்து வைத்த பேப்பர், உச்சிக்கொண்டை, நுனிக்காலில் நிற்கிற பெடியன், எல்லாவற்றையும் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே பார்த்தாயிற்று. வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். குதிக்கால் தரையில் பட வேண்டும். மேலே இருக்கும் மட்டப்பலகை கொண்டையை அமுக்கிக்கொண்டு மண்டையில் வந்து நிற்கும். ஒரு தகப்பன் மகனின் கராத்தே சான்றிதழைப் போனில் காட்டினார். நல்ல மனிதர், பாவம். நான் என்ன செய்ய? அந்த உயர எண், சறுக்கைக் கட்டின கம்பனி எழுதிக் கொடுத்தது. கப்டன் வந்து சொன்னாலும் என்னால் ஒரு விரல் குறைக்க முடியாது.

வயதைக் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. வளையம் இல்லாமல் மல்லாந்து படுத்துப் போகிற சறுக்கில் ஆளைக் கொண்டுபோவது சரிவும் தண்ணீரும் அவரவர் பாரமும்தான். பாரம் குறைந்த பிள்ளை சரிவு குறைகிற வளைவில் வேகம் விட்டு நின்றுவிடும். குழாய்க்குள் இருட்டு. பின்னால் 80 கிலோ ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போனவர் கீழே வந்து எழும்பி விலகினபிறகுதான் மேலே நிற்பவருக்குப் பச்சை விளக்கு எரிவது அதனால்தான்.

இன்னொன்று. தரையில் உள்ள நீர்ப் பூங்காக்களில் சறுக்கின் முடிவில் குளம் இருக்கும், தொபுக்கென்று விழலாம். கப்பலின் உச்சியில் அவ்வளவு தண்ணீரைத் தூக்கி வைத்தால் கப்பலுக்குப் பாரம். ஆகவே முடிவில் நீளமான ஒரு தொட்டி, அதில் கொஞ்சத் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் பிரேக். வேகமாக வருகிற ஆளின் முகத்தில் அது அடிக்கும். கட்டையான பிள்ளைக்கு மூக்கு வாய் எல்லாம் மூடும், காலை ஊன்றி எழும்பவும் சுணங்கும். உப்புவெளியில் நீந்துகிற பிள்ளைக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது, அது நல்லது. ஆனால் சறுக்குக்குள் நீந்த இடமில்லை. மடியில் வைத்துக்கொண்டு போகிற கதையும் சரிவராது, மல்லாந்து போகிற சறுக்கில் ஒருவருக்குப் பின் ஒருவர்தான்.

எண்கள் கப்பலுக்குக் கப்பல், சறுக்குக்குச் சறுக்கு மாறும். ரோயல் கரிபியன் கப்பல்கள் பலவற்றில் இருக்கும் பெர்ஃபெக்ட் ஸ்டோர்ம் சறுக்குகளுக்கு 48 அங்குலம், உங்கள் 122 அதுதான். அவர்களுடைய அல்டிமேட் அபிஸ் தண்ணீர் இல்லாத சறுக்கு, அதற்கு 44 அங்குலம், 112 சென்ரிமீற்றர். ஃபுளோரைடர் என்று அலை ஓட்டுகிற ஒன்று இருக்கிறது, அதில் பலகையில் படுத்து ஓட 52 அங்குலம், நின்று ஓட 58. கார்னிவல் கப்பல்களின் ட்விஸ்டர் சறுக்குக்கு 42, அதாவது 107. நீங்கள் போகிற கப்பலின் பக்கத்தில் ஒவ்வொரு சறுக்கின் பெயருக்கும் நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எண்ணைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் நல்ல கூட்டம், வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்று ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்தது. ஆறேழு வயதிருக்கும். பலகைக்கும் தலைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. இல்லை என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளை என்னைத் திட்டும் அல்லது அழும் என்று நினைத்தேன். அது என்னைப் பார்க்கவேயில்லை. திரும்பித் தகப்பனைப் பார்த்தது. "நான் கதைக்கிறேன், விடுவார்கள்" என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். உங்கள் மகனுக்கு அந்த எண்ணை இப்போதே, வீட்டில் வைத்தே சொல்லிவிடுங்கள். அளவுகோல் கப்பலில் ஒரு நாளும் இரக்கம் காட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ சித்தி:

நாங்கள் டிஸ்னி கப்பலில் போனோம், அங்கே வயதும் பார்ப்பார்கள். அக்வாடக் என்று கப்பலைச் சுற்றி ஓடுகிற நீண்ட சறுக்கு, இருவர் இருக்கிற மிதவையில் போவது. அதற்கு 42 அங்குலம் போதும். ஆனால் தனியாகப் போக 54 அங்குலம், 137 சென்ரிமீற்றர். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு 14 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் போக வேண்டும். டிஸ்னி மேஜிக் கப்பலில் நின்ற நிலையில் காலடி திறந்து கீழே விழுத்துகிற அக்வாடங்க் இருக்கிறது, அதற்கு 48. என் கணவர் 48 அங்குலத்தைத் தாண்டி நாற்பது வருஷமாகிறது, மேலே ஏறிப் பார்த்துவிட்டுப் படியால் இறங்கி வந்தார்.

சின்னவளைப் பற்றி: பகலில் நப்பி இல்லையென்றால் யோசிக்க வேண்டாம். நப்பி கட்டுகிற பிள்ளையென்றால் நீச்சல் நப்பி போட்டாலும் குளத்திலும் சறுக்கிலும் விடமாட்டார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகிற கப்பல்களுக்கு அது அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் விதி. குழந்தைகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் தண்ணீர் இடத்தில் மட்டும் விடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் தங்கள் கப்பலைக் கேட்டுவிடுங்கள். 98 சென்ரிமீற்றருக்குப் பெரிய சறுக்கு ஒன்றும் கிடையாது, ஆனால் வாளி கவிழ்ந்து தண்ணீர் கொட்டுகிற இடத்தை விட்டு அவளை வெளியே எடுப்பதுதான் உங்களுக்குப் பெரும்பாடாக இருக்கும்.

மூதூர் மருத்துவமாது:

பிள்ளைகளை அளப்பதுதான் என் தொழில், ஆகவே நானும் வருகிறேன்.

அக்கா, தையல் ரேப்பை விட்டுவிடுங்கள். அது முதுகு வளைவோடு வளைந்து போகும், அப்போது கூட்டித்தான் காட்டும். செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வையுங்கள். குதிக்கால், பின்புறம், தோள் சுவரில் பட வேண்டும். நாடியைத் தூக்க விடாதீர்கள், கண்ணும் காதுத் துவாரமும் ஒரே மட்டத்தில் நேராகப் பார்க்க வேண்டும். தலையில் தடித்த கொப்பி ஒன்றைச் சுவரோடு சேர்த்து அமுக்கி, அதன் அடியில் பென்சிலால் கோடு. அப்புறம் இரும்பு ரேப். உங்கள் வீட்டுக்காரரின் 119தான் சரி.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஏழு வயது நிறைந்த பெடியனின் நடு உயரம் 121.7, பெண்பிள்ளைக்கு 120.8. அதாவது அந்த 122 கோட்டில் ஏழு வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேர் நின்றுவிடுவார்கள். ஏழரைக்கு 124.5 அளவில் வரும். 119 கொஞ்சம் கட்டைதான், ஆனால் கவலைப்படுகிற கட்டை இல்லை. 128உம் அதே மாதிரி, கொஞ்சம் நெட்டை, அவ்வளவுதான். தாய் தகப்பனின் உயரத்தைப் பாருங்கள், பாதிப் பதில் அங்கே இருக்கும். இந்த வயதில் வருஷத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர் வளர்வார்கள். சித்திரைக்கு நான்கு மாதம் இருக்கிறது, 2 கூடினால் 121. உயரத்துக்கென்று டின்னில் விற்கிற மாவை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மாமி வாங்கி வந்தால் மாமியையே குடிக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு நேர்மையான குறுக்கு வழி இருக்கிறது. காலையில் எழும்பியவுடன் ஆள் கொஞ்சம் உயரம். பகல் முழுக்க நின்று ஓடித் திரிய முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் அமுங்கும், பின்னேரம் 1 சென்ரிமீற்றர் அளவில் குறைந்துவிடும். அளக்கிறதென்றால் காலையில் அளக்கட்டும்.

லண்டன் மச்சான்:

சரி சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

உவர்மலை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகனுக்குச் சொல்லிவிட்டேன். "சறுக்குக்குள் நின்றுவிடுவேனா?" என்று இரண்டு தரம் கேட்டான். பின்னால் வருகிற 80 கிலோ ஆள் அவனை நன்றாகப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. கதவு நிலையில் நீலப் பேனையால் 122இல் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான், வீடு வாடகை வீடு என்பது வேறு கதை.

படகு அண்ணா, இன்னொரு கேள்வி, சிரிக்காதீர்கள். நான் சறுக்கிப் பார்க்க ஆசைப்பட்டால் தாலிக்கொடியோடு விடுவார்களா? ஊசி குத்திச் சட்டைக்குள் வைத்துக்கொண்டால்?

நிலாவெளிப் படகு:

ஊசியைக் கண்டால் இன்னும் மோசம், தங்கச்சி. கொடி, சங்கிலி, காப்பு, மூக்குக்கண்ணாடி எதுவும் கூடாது. குழாய்கள் பொருந்துகிற இடங்களில் கொழுவினால் கொடியும் போகும், கழுத்தும் காயப்படும். காற்சட்டையில் இருக்கும் இரும்புப் பொத்தானையே விடமாட்டோம், சறுக்கின் பைபரைக் கீறிவிடும், அடுத்து வருகிறவரின் முதுகு உரியும். ஒன்பது முழக் கொடியோடு வந்து, கழற்றவும் மனமில்லாமல், திரும்பவும் மனமில்லாமல் வரிசைக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்கள் எத்தனை பேர்! முழம் என்றது பகிடிக்கு. முதல் நாளே அறையில் இருக்கும் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளையும் விடமாட்டார்கள். பாரத்துக்கும் உச்ச வரம்பு இருக்கும், உங்கள் அண்ணாவிடம் மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

உவர்மலை அம்மா:

நான்கு மாதத்துக்குப் பிறகு வருகிறேன். போய் வந்தாயிற்று. என்ன நடந்தது என்று கேட்டு எழுதினவர்களுக்காக இது.

புறப்படுகிற அன்று காலை கதவு நிலையில் 121. கப்பலில் இரண்டாம் நாள், காலை ஒன்பது மணிக்குச் சறுக்கு திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றான். செருப்பைத் தானே கழற்றினான். அங்கே நின்ற பெண்ணிடம், அவள் கேட்பதற்கு முன்பே "வன் டுவென்டி வன்" என்றான். அவள் சிரித்துவிட்டு, ஆனாலும் அளந்தாள். பலகை வந்து நின்றது. அவள் தன் சுண்டுவிரலைத் தலைக்கும் பலகைக்கும் நடுவில் விட்டு எடுத்தாள். விரல் முடியில் உரசிக்கொண்டு போனது. மகன் கண்ணை மட்டும் மேலே உருட்டி அந்த விரலைப் பார்த்தான். "சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டான். அழுதது நான்தான், அதையும் மறைத்துவிட்டேன்.

அண்ணாவின் மகன் பெரிய சறுக்கில் போனான், ஒரு தரம் இல்லை, எண்ணமுடியாத தரம். இவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. அன்று காலை முழுக்க வளையச் சறுக்கில் இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள், அதில் 107 என்பதால் கேள்வியே இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு காற்றுக் கூடியதால் எல்லாச் சறுக்கையும் மூடிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் இவன் வேறு ஒரு வேலை கண்டுபிடித்தான். மாமாவின் போனை வாங்கிக்கொண்டு, பெரிய சறுக்கு முடிகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, மேலே பச்சை விளக்கு எரிந்ததும் அமத்தி, ஆள் தண்ணீரில் வந்து விழுந்ததும் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் எத்தனை விநாடி என்று எழுதத் தொடங்கினான். கப்பல் அறையில் கிடந்த கடதாசியில், அவனுடைய கோணல் எழுத்தில், இப்படி இருக்கிறது: மாமா 16. மாமி 19. மச்சான் 22. அம்மா 20. சிவப்புக் காற்சட்டை அங்கிள் 15. பாரமானவர் கெதியாக வருவார் என்று படகு அண்ணா எழுதினதை நான் வாசித்துக் காட்டியிருந்தேன், அதைத் தானே கண்டுபிடித்ததாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறான். "மச்சான்தான் எல்லாரிலும் மெதுவு" என்பதையும் சேர்த்து.

கனடாச் சாப்பாடு என்ற கதை வந்தது. சொன்னவர் வேறு யாருமில்லை, எங்கள் அம்மாவேதான், பிறந்தநாள் கேக் வெட்டுகிற மேசையில் வைத்து. மகன் வாயில் கேக்கோடு, "நடு உயரம் 124 அம்மம்மா, பாதிப்பேர் அதற்குக் கீழே" என்றான். மருத்துவமாது தங்கச்சிக்கு அம்மம்மாவின் கோபம் முழுவதும் போய்ச் சேரட்டும்.

சின்னவள் வாளித் தண்ணீருக்குக் கீழேயே குடியிருந்தாள். ஸ்காபரோ சித்தி சொன்னது அப்படியே நடந்தது, கடைசி நாள் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

மூதூர் மருத்துவமாது:

124.5 அக்கா. அடுத்த முறை அரையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நிலாவெளிப் படகு:

சந்தோஷம் தங்கச்சி. கடல் இப்போது நல்ல அமைதி, பெடியனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் புறாமலைக்கு வாருங்கள். என் படகில் உயரம் பார்ப்பதில்லை, மிதவைச் சட்டை மட்டும் கட்டாயம்.

அது சரி, அந்தக் கடதாசியில் "அம்மா 20" என்று இருக்கிறதே. கொடி?

உவர்மலை அம்மா:

கழற்றி எங்கள் அம்மாவின் கைப்பைக்குள் வைத்துவிட்டுத்தான் போனேன். மாமி இந்தப் பக்கம் வந்து வாசிப்பதில்லை, நீங்களும் சந்தையில் கண்டால் வாயைத் திறக்காதீர்கள்.